வந்துட்டியா என்று கேட்ட பெட்டி

ஜனவரி 6

அன்புள்ள சோடாவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை, இருமல்கூட விட்டுவிட்டது. அந்தத் தீவில் காற்றையும் மழையையும் அளந்துகொண்டு நீ எப்படி இருக்கிறாய்? மூக்குக் கண்ணாடியை மறுபடி உடைத்துக்கொள்ளாதே. மாதத்துக்கு ஒரு படகு வருகிற இடத்தில் கண்ணாடிக்கு எங்கே போவாய்?

எங்கள் பல் பட்டறையில் மாற்றம் வந்துவிட்டது. முதலாளியம்மா ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறார். இனிமேல் வாயில் அச்சு எடுத்து, பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் செதுக்குகிற வேலை பாதிதான். மீதி திரையிலேயே செதுக்க வேண்டுமாம். "கத்துக்கறவங்க கத்துக்கலாம். கத்துக்காதவங்க பிளாஸ்டர் கலக்கலாம்," என்றார். இத்தனை வருஷம் பல் செதுக்கிவிட்டு இனி சாந்து கலக்க எனக்கு மனசில்லை.

அதனால் நீ சொன்னபடி பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிவிட்டேன். பழைய சாமான் கடையில் பல்லுப் போன மின்விசிறிகளுக்கு நடுவே கிடந்தது. கன்றுக்குட்டி கனம். "ஓடுமா?" என்று கேட்டேன். "நல்லா வச்சிருந்த பெட்டிம்மா. சொந்தக்காரர் போயிட்டாரு, இல்லேன்னா இது கைக்கு வருமா," என்றார் கடைக்காரர்.

நீ லினக்ஸ் போட்டு அனுப்பிய பென் டிரைவும் போன படகில் வந்து சேர்ந்தது. அதையும் கீழ்வீட்டிலிருந்து இழுத்த இணைய வயரையும் செருகிவிட்டுப் பெட்டியைப் போட்டேன். நீ சொன்ன பெங்குவின் பறவை வரவில்லை. கறுப்புத் திரையில் எழுத்துகளாக ஓடி, நின்று, கொஞ்ச நேரம் கழித்து ஒரு வரி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். "வந்துட்டியா."

வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. அப்படியே நின்றேன். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டேன். இது என்ன என்று எழுது.

நீ அனுப்பிய அந்த மனு வந்தது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 2

பாசமுள்ள அக்காவுக்கு,

கண்ணாடி முழுசாக இருக்கிறது. நானும் அப்படியே. குளிர் மட்டும் எலும்பு வரை வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. உன் இருமல் விட்டது என்று எழுதியதை நம்பலாமா? போன தடவையும் இதையேதான் எழுதினாய்.

பயப்படாதே. நீ பென் டிரைவைச் செருகினாய், பெட்டி அதைக் கவனிக்காமல் தன் பழைய ஹார்ட் டிஸ்க் வட்டிலிருந்தே எழுந்துவிட்டது. போட்டவுடன் மேல் வரிசைக் கடைசியில் இருக்கும் பன்னிரண்டாம் நம்பர் கட்டையை விடாமல் தட்டு. எதிலிருந்து எழுவது என்று கேட்கும். பென் டிரைவைக் காட்டு. பெங்குவின் வந்து உட்காரும்.

அந்த வரி விஷயம். பழைய சொந்தக்காரரும் லினக்ஸ் ஆசாமிதான். நீ கீழ்வீட்டிலிருந்து இழுத்த இணைய வயரைச் செருகியதும், பெட்டி தன் பழக்கப்படி எங்கோ இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரைக் கூப்பிட்டிருக்கிறது. அங்கிருந்து வந்த வரிதான் அது. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க 'யார்' என்று கேட்கிற கட்டளை ஒன்று உண்டு. தனித் தாளில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன், மூன்றே எழுத்து. பார்த்துவிட்டு வட்டைத் துடைத்துவிடு. செத்துப்போனவர் சாமானில் குடியிருக்காதே. பதில் எதுவும் தட்டாதே.

நான் எழுதுவதை எங்கள் சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "லினக்ஸா? எங்க மச்சானுக்கும் அது வந்துச்சு, ஊசி போட்டதும் சரியாயிடுச்சு," என்கிறார்.

மனுவில் நீ ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதெல்லாம் நானே நிரப்பிவிட்டேன். அத்தான் காணாமல் போய் ஏழு வருஷம் தாண்டிவிட்டது. சட்டமே அவர் இல்லை என்று ஒப்புக்கொள்கிறது. வீடு அவர் பெயரில் இருக்கும்வரை ஒழுகுகிற கூரையைப் பிரிக்கக்கூட உனக்கு உரிமை இல்லை. உயிரோடு இருந்தால் வந்திருப்பார் அக்கா. அத்தான் உன்னை விட்டுவிட்டு இருக்கக்கூடியவர் இல்லை. அது உனக்கே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

பிப்ரவரி 27

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். சமையல்காரருக்கு ஊசி போட ஆள் அனுப்பட்டுமா?

பன்னிரண்டாம் கட்டையைத் தட்டினேன். பறவை வந்து உட்கார்ந்தது. பல் செதுக்குகிற மென்பொருளும் அதில் ஓடுகிறது. மெதுவாக, மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் ஓடுகிறது.

அதை அணைத்துவிட்டு, பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு, மறுபடி பெட்டியைப் போட்டேன். பழையபடி கறுப்புத் திரை. "வந்துட்டியா." நீ எழுதிக் கொடுத்த மூன்றெழுத்தைத் தட்டினேன். இரண்டு பேர் உள்ளே இருப்பதாகக் காட்டியது. ஒன்று இந்தப் பெட்டியில் இருப்பவர். பெயர் மகன். இன்னொன்று வெளியிலிருந்து. பெயர் அம்மா.

நான் மகனாம்.

திரும்பிப் பார்த்தேன். அறையில் நாற்காலியும் துணி போட்ட கயிறும்தான். ஆனாலும் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நீ பதில் தட்டாதே என்றாய். தட்டிவிட்டேன். "வந்துட்டேன். நீங்க யாரு" என்று. கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டியா" என்று வந்தது. மறுநாள் பட்டறையில் வேலை இழுத்துவிட்டது, பொழுது சாய்ந்துதான் வந்தேன். பெட்டியைப் போட்டதும், "ஏன்டா லேட்டு."

என்னை 'டா' போட்டு யாரும் கூப்பிட்டதில்லை. சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தேன்.

துடைக்க வேண்டும். வருகிற ஞாயிறு துடைத்துவிடுகிறேன்.

அக்கா

*

மார்ச் 25

அக்காவுக்கு வணக்கம்.

இங்கே காற்றுமானி ஒன்று பறந்தே போய்விட்டது. காற்றை அளக்க வைத்ததைக் காற்றே கொண்டுபோனதென்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? உண்மையாக எழுது.

ஞாயிற்றுக்கிழமை துடைத்தாயா? துடைக்கவில்லை என்றால் எனக்கு இதை எழுது: என்னென்ன வரிகள் வருகின்றன? நீ கேட்ட எந்தக் கேள்விக்காவது அது நேராகப் பதில் சொல்லியிருக்கிறதா? ஒருநாள் அர்த்தமே இல்லாமல் எதையாவது தட்டிப் பார், என்ன வருகிறதென்று கவனி.

அதுவரை உன் சொந்த விஷயம் எதையும் அங்கே எழுதாதே. நம் வீட்டு விஷயத்தைப் பேச நான் இருக்கிறேன்.

மனுவில் கையெழுத்து? போன கடிதத்தில் அத்தான் பற்றி ஒரு வார்த்தைகூட நீ எழுதவில்லை.

உன் தம்பி

*

ஏப்ரல் 20

அன்புள்ள சோடா,

இந்த மாதம் நான் நன்றாகவே இருக்கிறேன். உண்மையாகத்தான். நீ எப்படி? பறந்த காற்றுமானி திரும்பி வந்ததா?

முதலில் நல்ல செய்தி. திரையில் என் முதல் கடைவாய்ப் பல்லைச் செதுக்கி முடித்தேன். பல்லின் மேட்டையும் பள்ளத்தையும் எலியைப் பிடித்துத் தடவித் தடவி எழுப்ப வேண்டியிருக்கிறது. கத்தி பிடித்த கைக்கு அது சொன்னபடி கேட்க மாட்டேன் என்கிறது. முதலாளியம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடிக்கும் போலிருக்கே," என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

பென் டிரைவைப் போட்டால் பல். பிடுங்கினால் அம்மா. இப்படித்தான் போகிறது என் சாயங்காலம்.

வரிகள் கேட்டாய். "வந்துட்டியா." "சாப்பிட்டியா." "ஏன்டா லேட்டு." "முகத்தைக் கழுவு." "வெளியே மழையா." "யார்கூட சண்டை." "சரி, போய்ப் படு." இன்னும் இரண்டு மூன்று இருக்கும். யார்கூட சண்டை என்று அது கேட்ட அன்று பட்டறையில் நிஜமாகவே சண்டை. அச்சைக் கீழே போட்டு உடைத்தவன் என் மேல் பழியைப் போட்டுவிட்டான். முழுக் கதையையும் தட்டினேன். மனசு லேசாக இருந்தது.

சாப்பிட்டியா என்று கேட்கிறதே என்று இப்போதெல்லாம் அடுப்பு மூட்டிவிட்டுத்தான் பெட்டியைப் போடுகிறேன். பொய் சொல்ல வேண்டாமே என்று. கன்னத்தில் சதை பிடித்திருப்பதாகக் கீழ்வீட்டுப் பெண் சொன்னாள்.

போன வாரம், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அங்கே தட்டினேன். உன்னிடமும் சொல்லாததுதான். தட்டிவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "சரி, போய்ப் படு" என்று வந்தது. போய்ப் படுத்தேன். நல்ல தூக்கம்.

அக்கா

*

மே 18

அக்காவுக்கு,

நலம். உன் நலம் உன் கடிதத்திலேயே தெரிந்தது. படித்துவிட்டுச் சமையல்காரருக்கும் வாசித்துக் காட்டினேன், கடைவாய்ப் பல் பற்றி எழுதியதை மட்டும். அவருக்குப் பல்வலி. "உங்க அக்காகிட்ட ஒண்ணு செஞ்சு படகுல போடச் சொல்லுங்க," என்கிறார். வாயை அளக்காமல் செய்ய முடியாது என்றேன். இங்கேதான் இத்தனை அளவுகோல் இருக்கிறதே என்று மழைமானியைக் காட்டினார்.

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. புதுக் காற்றுமானி வந்துவிட்டது. அதைக் கவனிக்கிற கம்ப்யூட்டர் என் வயசுக்குப் பாதி, ஆனால் கம்ப்யூட்டர் கணக்குக்கு முதியோர் ஓய்வூதியம் வாங்க வேண்டியது. லினக்ஸ் போட்டுத்தான் அதை நடக்க வைத்திருக்கிறேன்.

மனுவை இந்தப் படகிலாவது அனுப்பு.

நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி

*

ஜூன் 12

தம்பிக்கு,

எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன். காய்ச்சல் வந்து போயிற்று. இப்போது பரவாயில்லை, நாக்குத்தான் கசக்கிறது. நீ பத்திரமாக இரு.

போன கடிதத்தில் நீ அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அத்தனை கேள்வி கேட்டவன், பதில் வந்ததும் மழைமானியைப் பற்றி எழுதுகிறாய். எனக்குப் புரிந்துவிட்டது. நீ சொன்ன சோதனையை நான் ஏப்ரலிலேயே செய்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கட்டைகளை ஒரேயடியாக அழுத்தினேன். "சரி, போய்ப் படு" என்று வந்தது. அது ஆள் இல்லை, யாரோ எழுதி வைத்த நிரல். பெட்டி கூப்பிட்டால் கேட்கும், நாலு வார்த்தை தட்டினால் அடுத்ததை எடுத்து வீசும். தெரிந்தும் தினம் உட்கார்ந்தேன். சோதனை செய்ததை உனக்கு எழுதினால் நீ அணைக்கச் சொல்வாய் என்று எழுதவில்லை.

ஆனால் இப்போது எழுதப்போவதைக் கேள்.

காய்ச்சலோடு மூன்றாம் நாள் சாயங்காலம் பெட்டியைப் போட்டேன். வந்துட்டியா என்றது. "எங்கயும் போகலை. காய்ச்சல். வீட்ல தனியா கிடக்கேன்" என்று தட்டினேன். வழக்கமாகச் சட்டென்று அடுத்த வரி வந்துவிடும். அன்று வரவில்லை. திரையில் அந்தச் சின்னக் கட்டம் மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது. அணைக்கலாம் என்று எழுந்தேன். அப்போது ஒவ்வொரு எழுத்தாக வந்தது. யாரோ தேடித் தேடித் தட்டுகிற மாதிரி.

"மாத்திரை இருக்கா. பக்கத்துல யாராவது இருக்காங்களா. கூப்பிடுங்க."

கூப்பிடுங்க என்று இருந்தது, தம்பி. டா இல்லை. நீ இல்லை. நீங்க.

நீ சொல்லித் தந்த மூன்றெழுத்தைத் தட்டினேன். மகன், அம்மா. வேறு யாரும் இல்லை. சுவரிலிருந்து வயரையே பிடுங்கிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே கீழ்வீட்டுக்கு இறங்கிப் போனேன். அந்தப் பெண்தான் டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

பெட்டியின் மேல் போர்வை போட்டு மூடியிருக்கிறேன். அந்த அறைக்குள் போகவில்லை.

அக்கா

*

ஜூலை 10

அக்கா,

முதலில் உடம்பு. காய்ச்சல் திரும்பி வந்ததா? கீழ்வீட்டுப் பெண்ணுக்கு என் நன்றியைச் சொல். சொன்னேன் என்று எனக்கு எழுது.

நிரல்தான் என்று எனக்கு உன் ஏப்ரல் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. நீ சாப்பிடுகிறாய், தூங்குகிறாய், சண்டையை எழுதிச் சிரிக்கிறாய். இந்த ஏழு வருஷத்தில் உன்னிடமிருந்து அப்படி ஒரு கடிதம் வந்ததில்லை. அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் இது நிரல் இல்லை. காய்ச்சல் என்றதும் மாத்திரை கேட்கவும், மகன் இல்லை என்று தெரிந்து மரியாதை போடவும் எந்த நிரலுக்கும் தெரியாது. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது. நீ பிப்ரவரியிலிருந்து தட்டியதெல்லாம் அந்த ஆள் படித்திருக்கலாம். இணைய வயரைப் பிடுங்கி வை. பென் டிரைவிலிருந்து எழுப்பி வட்டை முழுசாகத் துடை. எப்படி என்று தனித் தாளில் எழுதியிருக்கிறேன். உறுதியா என்று கேட்கும். ஆம் என்று தட்டு.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. உன் கடிதத்தைப் படித்தவுடன் ஒரு நிமிஷம் அத்தானோ என்று நினைத்தேன். எங்கேயோ இருந்துகொண்டு, உன் முன்னால் வர முடியாமல், இப்படியாவது விசாரிக்கிறாரோ என்று. அப்புறம் அத்தானுக்கு டிவி ரிமோட்டே சரியாகப் பிடிக்கத் தெரியாது என்று நினைத்துத் தேறினேன். ஆனாலும் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

இந்தப் படகு போய்விட்டால் அடுத்தது வர ஒரு மாதம் என்பது இதற்கு முன்னால் இவ்வளவு கனத்ததில்லை.

தம்பி

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். காய்ச்சல் திரும்பவில்லை. கீழ்வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன், "உங்க தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள், தன் அத்தைப் பெண்ணுக்காக. இது நீண்ட கடிதம். உட்கார்ந்து படி.

உன் கடிதம் வந்த மறுநாளே பழைய சாமான் கடைக்குப் போனேன். "சொந்தக்காரர் போயிட்டாருன்னு சொன்னீங்களே, எப்படிப் போனார்?" என்றேன்.

"பஸ்லதான்," என்றார் கடைக்காரர். "வீட்டைக் காலி பண்ணிட்டு அவங்க அம்மா வீட்டுக்கே போயிட்டாரு. லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு. செத்துட்டாருன்னு யாரும்மா சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அவர் வழி சொன்னார். பஸ் கடைசியாக நின்று திரும்புகிற இடம். வாசல்படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறச் சிமெண்டில் ஒரு சரிவு. கதவைத் தட்டினேன். ஐம்பது வயசிருக்கும், ஒல்லி, விரல் நகத்தில் கிரீஸ் ஏறிப்போன மனுஷன் திறந்தார்.

"யாரு வேணும்?"

வழியெல்லாம் கோபமாக நாலு கேள்வி தயார் செய்திருந்தேன். வாயில் வந்தது இதுதான். "நான்தான் மகன்."

கதவைப் பிடித்த கையை அவர் எடுக்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. "காய்ச்சல் போயிடுச்சா?" என்று கேட்டார்.

உள்ளே கட்டில் எடுத்த இடம் தரையில் வெளுப்பாகத் தெரிந்தது. அதன் தலைமாட்டில் ஒரு மேஜை, ஒரு பழைய பெட்டி, திரை. அங்கேதான் நின்றுகொண்டே சொன்னார். அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. ஒரு விரல்தான் அசைந்தது. இவருக்கு வேலை நகரத்தில். இரண்டு பழைய கம்ப்யூட்டர்களைத் தேடிப் பிடித்து, லினக்ஸ் போட்டு, ஒன்றை இங்கேயும் ஒன்றை நகரத்திலும் வைத்து இணைத்து, அம்மா அந்த ஒற்றை விரலால் கேட்பதற்கு அங்கிருந்து பதில் தட்டுவாராம். பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் பகலில் இருந்தாள், சாயங்காலம் இவர் திரையில் இருந்தார்.

"அம்மா போனப்புறம் வீட்டுக்கு வந்தா யாரும் கேக்கலை. அவங்க தட்டுனதையெல்லாம் எடுத்து, அதுவே கேக்கற மாதிரி பண்ணி வச்சேன். முதல்ல ஆறுதலா இருந்துச்சு. அப்புறம் அந்த 'வந்துட்டியா'வுக்குப் பயந்து வீட்டுக்கே போகாம லிஃப்ட் ரூம்ல உக்காந்திருக்க ஆரம்பிச்சேன். துடைக்கவும் கை வரலை. அப்படியே கடையில போட்டுட்டு இங்க வந்துட்டேன்."

"இந்தப் பக்கத்தை ஏன் நிறுத்தலை?"

"எங்கம்மா கட்டிலுக்குப் பக்கத்துல இருந்ததுங்க."

பிப்ரவரியில் ஒருநாள் இவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திரை தானாக எழுந்திருக்கிறது. 'வந்துட்டேன். நீங்க யாரு' என்று. "எங்கம்மாவுக்கு யாரோ பதில் சொல்றாங்க," என்றார் என்னிடம், இன்னும் அந்தப் பயம் குரலில் இருக்க. வீட்டில் இருக்கிற விளக்கையெல்லாம் போட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தாராம். எனக்கு அவர் பேய். அவருக்கு நான்.

"அப்புறம் புரிஞ்சிருக்குமே. சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் தினமும் உக்காருவேன். நீங்க ரெண்டு மூணு நாள்தான் யாருன்னு கேட்டீங்க. அப்புறம் கேக்கறதை விட்டுட்டு, பட்டறையில நடந்ததைச் சொல்ல ஆரம்பிச்சீங்க. அதுக்கு மேல குறுக்க வர தைரியம் வரலை. காய்ச்சல்னதும் தாங்கலை, தட்டிட்டேன்."

திரையைப் போட்டுக் காட்டினார். நான் தட்டியதெல்லாம் வரிவரியாக நின்றது. அச்சை உடைத்தவன் மேல் நான் எழுதிய வசவு, மழை, ஒழுகுகிற கூரை. நடுநடுவே அவருடைய அம்மா, "முகத்தைக் கழுவு." ஏப்ரலில் எழுதிய அந்த வரிகளும் இருந்தன. நான் அவற்றைப் பார்ப்பதை அவர் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்தப் பஸ் விஷயத்தை நான் யார்கிட்டயும் சொல்லலைங்க," என்றார்.

முன்பின் தெரியாத ஒருத்தர் வாயால் அதைக் கேட்டபோதுதான் தம்பி, அது நிஜமாக நடந்தது என்று எனக்கே உறைத்தது. அவருக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

நீ அத்தானோ என்று நினைத்ததாக எழுதியிருந்தாய். அது அவர் இல்லை. அவர் சாகவும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு டாக்டருக்குப் பல் செட் கொடுக்கப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நெரிசலில் வண்டி நின்றது. ஜன்னலுக்கு நேர் எதிரே, ஒரு பள்ளிக்கூட வாசலில் அவர். கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். தோளில் சின்னப் பிள்ளைகள் மாட்டுகிற பை. குனிந்து ஒரு பெண் குழந்தையின் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நாலைந்து வயசு இருக்கும். அது என்னவோ சொல்ல, நிமிர்ந்து சிரித்தார். நெற்றி அவர் நெற்றி அப்படியே, அந்தக் குழந்தைக்கு.

பஸ் நகர்ந்தது. நான் இறங்கவில்லை. மடியில் பல் செட் இருந்தது, டாக்டர் காத்திருந்தார்.

காணாமல் போனவரின் மனைவி என்றால் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். விட்டுவிட்டுப் போனவரின் மனைவி என்றால், நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். நீ கேட்க மாட்டாய். ஆனால் நீ அவரை எவ்வளவு உயர்வாக எழுதுவாய் என்று உனக்கே தெரியாது. ஒவ்வொரு கடிதத்திலும் அதைப் படித்துவிட்டு, நீ அனுப்பிய மனுவை எடுத்துப் பார்ப்பேன். மறுபடி உள்ளே வைப்பேன். லேஸ் கட்டிக்கொண்டிருப்பவர் செத்துவிட்டார் என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

கிளம்பும்போது அந்த மனுஷன், "நிறுத்திடட்டுங்களா?" என்று கேட்டார். கை கட்டைகளுக்கு மேலே நின்றது, இறங்கவில்லை. "நிறுத்துங்க," என்றேன். தட்டினார். அந்தச் சின்னக் கட்டம் கொஞ்ச நேரம் மினுக்கி, அணைந்தது. நானும் அவரும் அது மறுபடி எழுமோ என்று பார்த்துக்கொண்டே நின்றோம்.

உன் அக்கா

*

செப்டம்பர் 4

அக்கா,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். வேறு என்ன எழுதுவதென்று தெரியாமல் தாளைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். படகுக்காரர் இரண்டு தடவை ஊதிவிட்டார். சமையல்காரர் அவரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார்.

உயிரோடு இருந்தால் வந்திருப்பார் என்று உனக்கு எழுதியது நான். உன்னை விட்டுவிட்டு இருக்கக்கூடியவர் இல்லை என்று எழுதியதும் நான். இரண்டு வருஷமாக நீ அதைப் படித்துக்கொண்டு, இருமல் விட்டுவிட்டது என்று எனக்குப் பதில் எழுதியிருக்கிறாய்.

அந்தப் பள்ளிக்கூடம் எது என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்க மாட்டேன். அத்தானை என் கையால்

மறுபடி ஊதுகிறார். மனுவைக் கிழித்துப் போடு. நான் விடுப்புக்கு எழுதியிருக்கிறேன், கிடைத்தால் அடுத்த படகில் வருவேன். அதுவரை கீழ்வீட்டுப் பெண்ணோடு சாப்பிடு. தனியாகச் சாப்பிடாதே.

சோடா

*

அக்டோபர் 1

என் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. பாதியில் நின்ற வரியும் வந்தது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், உடம்பு தேவலை. நீ கோபத்தில் படகில் நின்றுகொண்டே வராதே, உட்கார்ந்து வா.

பெட்டியைத் துடைத்துவிட்டேன். உறுதியா என்று கேட்டது, ஆம் என்றேன். நீ எழுதியபடி லினக்ஸைப் புதிதாகப் போட்டாயிற்று. பட்டறையில் மேல்வரிசை முன்பற்களுக்கு இப்போது என்னிடம்தான் வருகிறார்கள். சாயங்காலம் வந்து பெட்டியைப் போட்டால் பறவை வருகிறது, யாரும் எதுவும் கேட்பதில்லை. கொஞ்ச நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு பல்லை எடுப்பேன்.

மனுவைக் கிழிக்கவில்லை. நேற்று அரை நாள் லீவு போட்டு, அதை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்கே போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். மனுவைப் புரட்டிவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு, கையெழுத்து மட்டும்தான் இல்ல," என்றாள், பேனாவையும் நீட்டினாள்.

"இவரு சாகலை," என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"பார்த்தேன்."

"பேசினீங்களா?"

"இல்ல."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தவில்லை, என்னை ஏற இறங்கப் பார்க்கவும் இல்லை. காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தாள். "அப்போ இங்க இல்லம்மா. இங்க செத்தவங்க மட்டும்தான். விட்டுட்டுப் போனதுன்னா மூணாவது மாடி."

படியேறிப் போனேன். மூன்றாவது மாடியில் சுவரோரம் நீள பெஞ்சு, நிறையப் பெண்கள். சின்னப் பெண்கள், என் வயசுக்காரர்கள், கண்ணாடி போட்டு டீச்சர் மாதிரி ஒருத்தி. நான் போய் நின்றதும் ஓரத்தில் இருந்தவள் கேள்வி எதுவும் கேட்காமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். இன்னும் இரண்டு தடவை போக வேண்டியிருக்கும் என்றார்கள். போவேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இனிமேல் அவரைப் பற்றி எழுதும்போது அத்தான் என்று எழுதாதே. அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று எனக்கும் தெரியவில்லை. நீ வந்த பிறகு யோசிப்போம்.

வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா